கட்டத்தில் 36, கணக்கில் 1: சரக்குப் பதிவுப் படிவம் ஒன்றை ஸ்கிரிப்டால் நிரப்பிய நிகழ்வு ஆய்வு

காரைக்குடியில் சிறு நிறுவனங்களுக்குக் கணினி வேலை செய்து கொடுப்பது என் தொழில். ஆத்தங்குடியில் உள்ள ஒரு டைல்ஸ் பட்டறையில், வெளியூர் செல்லும் சரக்குகளை லாரி நிறுவனம் ஒன்றின் இணையப் படிவத்தில் பதிவு செய்யும் வேலையைக் குறைப்பதற்காக ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கட்டங்களைத் தானே நிரப்பும் சிறு நிரல், எழுதிக் கொடுத்தேன். அது பயன்பாட்டுக்கு வந்த முதல் நாளிலேயே, 36 பெட்டி கொண்ட சரக்கு ஒன்று ஒரே பெட்டியாகப் பதிவாகிவிட்டது. எங்கே தவறினேன், அதை எவ்வாறு கண்டறிந்தேன், பிறகு என்னவெல்லாம் மாற்றினேன் என்பது இதே வகை வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று நம்பி, நடந்ததை முழுமையாக எழுதி வைக்கிறேன். பட்டறையின் பெயரோ லாரி நிறுவனத்தின் பெயரோ இதற்குத் தேவைப்படவில்லை.

நடந்தது

அந்தச் சரக்கு, கோயம்புத்தூரில் புதுப்பிக்கப்பட்டுவரும் ஒரு வீட்டின் கூடத்துக்குரிய கல். பத்து அங்குலச் சதுரக் கல்லில் 100 சதுர அடிக்கு 144 கல் பிடிக்கும். கூடம் 250 சதுர அடி என்பதால் 360 கல், பெட்டிக்குப் பத்தாக 36 பெட்டி. பெட்டிக்கு 28 கிலோ என்று பட்டறையில் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆக மொத்தம் 1,008 கிலோ. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டு வார்க்கும் கல் ஆகையால் எடை அதிகம். எனவே எண்ணிக்கையில் நேரும் பிழை அப்படியே வண்டியின் அளவில் நேரும் பிழையாகிவிடும்.

மறுநாள் காலையில் பட்டறை வாசலுக்கு வந்தது, ஏற்கெனவே பாதிக்கு மேல் வேறு சரக்கு ஏறியிருந்த ஒரு குட்டியானை (சிறு சரக்கு வண்டி). ஓட்டுநர் கையில் வைத்திருந்த சீட்டில் பெட்டி 1, எடை 28 கிலோ என்று இருந்தது. உரிய வண்டி கிடைக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் கோயம்புத்தூரில் கல்லை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் உரிய கூலியைப் பட்டறை உரிமையாளர் தாமே ஏற்றுக்கொண்டார்.

அலுவலகத்தில் பதிவு செய்கிறவர், பல ஆண்டுகளாக அங்கே கணக்குப் பார்த்துவரும் ஒரு பெண்மணி. நான் அக்கா என்று அழைப்பவர். தொலைபேசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, எண்ணிக்கைக் கட்டத்துல 36 இருந்ததை என் கண்ணால பார்த்துட்டுத்தானே பட்டனை அமுக்கினேன்? சீட்டுல ஒண்ணுன்னு எப்படி வரும்?"

அவர் சொன்னது முற்றிலும் உண்மை என்பது அடுத்த நாள் அவர் அருகில் அமர்ந்து, அதே வரிசையில் எல்லாவற்றையும் மீண்டும் செய்து பார்த்தபோது தெரிந்தது. ஸ்கிரிப்டை இயக்கியதும் பதினொரு கட்டங்களும் நிரம்பின. எண்ணிக்கையில் 36 என்று இருந்தது. பதிவுப் பொத்தானை அழுத்தியதும் கட்டங்கள் வெறுமையாகி, ஒவ்வொன்றின் கீழும் "இது கட்டாயம்" என்று சிவப்பு எழுத்து வந்தது. முதல் நாளும் இப்படியே ஆகியிருக்கிறது. இணைப்பு சரியில்லாமல் அழிந்துவிட்டது என்று எண்ணி, சிவப்பு காட்டிய கட்டங்களை எல்லாம் அவர் கையால் நிரப்பி மறுபடியும் அழுத்தியிருக்கிறார். எண்ணிக்கைக் கட்டம் மட்டும் வெறுமையாகவில்லை. அந்தப் படிவம் எண்ணிக்கையை 1 என்ற தொடக்க மதிப்போடு திறப்பதால், 36 மறைந்து 1 திரும்பி வந்திருக்கிறது. 1 என்பது ஏற்கத்தக்க எண். ஆகவே சிவப்பு வரவில்லை, அவர் கண்ணும் அங்கே செல்லவில்லை. இது சரிப்படாது என்று முடிவு செய்து அன்றைய மற்றப் பதிவுகளைப் பழையபடி கையாலேயே செய்ததால் சேதம் ஒரு சரக்கோடு நின்றது.

பொறுப்பு என்னுடையது. பொத்தானை அழுத்தினால் உண்மையான பதிவு உண்டாகிவிடும் என்பதால், என் வீட்டில் சோதித்தபோது கட்டங்கள் நிரம்புவதைப் பார்த்த அளவில் நிறுத்திக்கொண்டேன். நிரம்பிய கட்டத்தைச் சான்றாக எடுத்துக்கொண்டதே பிழை.

ஸ்கிரிப்டுக்கு முன்

பட்டறையில் நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பதிவுகள் நடக்கும். ஆர்டர் வந்தபோதே பெயர், முகவரி, கல் அளவு, பெட்டி எண்ணிக்கை எல்லாம் ஒரு எக்செல் தாளில் ஏறியிருக்கும். அதையே பார்த்துப் பார்த்து மீண்டும் படிவத்தில் தட்டுவதுதான் மாலை வேலை. பல பதிவுகளை ஒரே கோப்பாக ஏற்றும் வசதி உண்டா என்று லாரி நிறுவனத்தை முதலில் கேட்டோம். சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டுக்கான அரசின் இ-வே பில் தளத்தில் அப்படிப்பட்ட மொத்த ஏற்றும் வசதி இருப்பதால் அந்தப் பகுதிக்கு ஸ்கிரிப்ட் எழுத வேண்டிய தேவையே எழவில்லை. லாரி நிறுவனத்திடம் அது இல்லை. எங்கள் கணக்கிலிருந்து, எங்கள் சரக்குக்கு, ஸ்கிரிப்ட் மூலம் கட்டங்களை நிரப்பிக்கொள்ள அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கைப்பேசிக்கு வரும் ஓடிபியை இடுவதும் இறுதிப் பொத்தானை அழுத்துவதும் ஆள் கையால்தான் நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். இந்த ஒப்புதல் இல்லாமல் நான் தொடங்கியிருக்க மாட்டேன். பிறர் பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருப்பது, பிழை நேரும் நாளில் இரு தரப்புக்குமே காப்பு.

ஆகவே, அக்காவின் குரோம் உலாவியிலேயே, அவர் உள்நுழைந்திருக்கும் பக்கத்திலேயே ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் (உலாவிக்குள் ஓடும் நிரல்மொழி) நிரல் ஒன்றை, பிறர் பக்கங்களில் நம் ஸ்கிரிப்டை ஓட்ட உதவும் டாம்பர்மங்கி என்ற உலாவி நீட்சி மூலம் நிறுவினேன். முதல் வடிவம் மிக எளிது: தாளிலிருந்து ஒரு வரியை எடுப்பது, ஒவ்வொரு கட்டத்தையும் தேடுவது, அதன் வேல்யூ (கட்டத்தில் இருக்கும் மதிப்பு) என்ற பண்புக்கு உரிய மதிப்பை எழுதுவது.

கை தட்டும்போது உலாவி செய்வது

விசைப்பலகையில் 3 என்ற விசையை அழுத்தும்போது நாம் காண்பது கட்டத்தில் தோன்றும் ஓர் எண்ணை மட்டுமே. உலாவியோ அந்த ஒரு தட்டலுக்கு ஒரு வரிசை நிகழ்வுகளை (இன்னது நடந்தது என்று பக்கத்துக்குத் தரும் அறிவிப்புகளை) எழுப்புகிறது. முதலில் விசை அமுங்கியதும் கீடவுன், அதையடுத்து, வழக்கொழிந்துவரும் கீபிரஸ், எழுத்து நுழையப்போகிறது என்று அறிவிக்கும் பிஃபோர்இன்புட், நுழைந்தவுடன் இன்புட், விசையை விட்டதும் கீஅப். பிறகு கட்டத்தை விட்டு வெளியேறும்போது, மதிப்பு மாறியிருந்தால் சேஞ்ச் எழுகிறது. தொடர்ந்து பிளரும் ஃபோகஸ்அவுட்டும் எழுகின்றன. ஸ்கிரிப்ட் நேரடியாக வேல்யூவில் எழுதினால் இவற்றில் ஒன்றுகூட எழாது. இன்புட், சேஞ்ச் ஆகியவை பயனர் செய்ததைப் பக்கத்துக்கு அறிவிப்பதற்காக ஏற்பட்டவை என்பதால், இணையப் பக்கங்களுக்கான எச்டிஎம்எல் வரையறையே அவ்வாறு அமைந்திருக்கிறது.

பழைய பாணிப் படிவங்களில் இந்த வேறுபாடு தொந்தரவு தருவதில்லை. பொத்தானை அழுத்தும் வேளையில் உலாவி ஒவ்வொரு கட்டத்திலும் அப்போது இருக்கும் மதிப்பைத் திரட்டிச் சர்வருக்கு அனுப்பிவிடும். அது எந்த வழியாக அங்கே வந்தது என்று கேட்பதில்லை. என் முந்தைய ஸ்கிரிப்டுகள் எல்லாம் அத்தகைய படிவங்களில் ஓடியவை. இந்தச் சரக்குப் படிவம், பக்கங்களைக் கட்டுவதற்கான ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைக் கொண்டு எழுதப்பட்டது. இங்கே மெய்யான மதிப்பு, ஸ்டேட் என்று வழங்கும் உள்நிலையில் இருக்கிறது. கட்டம் அந்த உள்நிலையைக் காட்டும் பலகை மட்டுமே. கட்டத்தில் தட்டினால் இன்புட் நிகழ்வு எழும், அதைக் கேட்டு ரியாக்ட் உள்நிலையை மாற்றும், மாறிய உள்நிலையைக் கொண்டு கட்டத்தை மறுபடி வரையும். நான் பலகையில் மட்டும் எழுதியிருந்தேன். பொத்தானை அழுத்தியதும் உள்நிலை வெறுமையாக இருப்பதைக் கண்டு படிவம் பிழைச்செய்திகளைக் காட்ட முனைந்தது. அதற்காகப் பக்கத்தை மறுபடி வரைந்தபோது, ஒவ்வொரு கட்டமும் தன் உள்நிலைக்குத் திரும்பியது. பெயர் வெறுமைக்கு, முகவரி வெறுமைக்கு, எண்ணிக்கை 1 என்பதற்கு.

விழுங்கப்பட்ட நிகழ்வு

இதைப் புரிந்துகொண்டதும், மதிப்பை எழுதிய பிறகு ஓர் இன்புட் நிகழ்வை நானே உருவாக்கி, டிஸ்பேட்ச்ஈவென்ட் என்ற கட்டளையைக் கொண்டு அந்தக் கட்டத்தின் மீது எழுப்பினேன். நிகழ்வு கட்டத்திலிருந்து அதை உள்ளடக்கிய உறுப்புகளுக்கு மேலேறிச் செல்லுமா என்று குறிக்கும் பபிள்ஸ் என்பதை ட்ரூ (ஆம்) ஆக வைக்கவும் மறக்கவில்லை. நிகழ்வை உருவாக்கும்போது அது இயல்பாக ஃபால்ஸ் (இல்லை) ஆகவே இருக்கும். ரியாக்ட்டோ கட்டத்திலேயே காத்திருப்பதில்லை. 2020இல் வந்த 17ஆம் பதிப்பு முதல் செயலியின் வேர் உறுப்பிலும், அதற்கு முன்பு முழுப் பக்கத்தையும் குறிக்கும் டாக்குமென்ட்டிலும் நின்று கேட்கிறது. மேலே ஏறிச் செல்லாத நிகழ்வு அங்கே போய்ச் சேராது.

இவ்வளவு செய்தும் எதுவும் மாறவில்லை. நிகழ்வு எழுகிறது என்பதை என் சொந்தக் கேட்பானை (நிகழ்வுக்காகக் காத்திருக்கும் சிறு நிரலை) வைத்து உறுதி செய்துகொண்டேன். ஆனாலும் பொத்தானை அழுத்தினால் பழைய கதையே. ஒரு மாலை முழுவதும் இந்த இடத்தில் நின்றேன்.

காரணம் ரியாக்ட்டின் உள்ளே இருக்கிறது. ஒரே மாற்றத்துக்கு உலாவி இரண்டு மூன்று நிகழ்வுகளை எழுப்பினாலும் ஆன்சேஞ்ச் (மதிப்பு மாறும்போது ஓடும் நிரல்) ஒருமுறை மட்டுமே ஓட வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு கட்டத்தின் கடைசி மதிப்பையும் ரியாக்ட் தனியே குறித்து வைக்கிறது. 2017இல் வெளிவந்த 15.6 பதிப்பிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. குறித்து வைப்பதற்காக, அந்தக் கட்டத்தின் மீதே வேல்யூ என்ற பெயரில் தன் சொந்தப் பண்பு ஒன்றைப் பொருத்திவிடுகிறது. நான் வேல்யூவில் 36 என்று எழுதும்போது, அது ரியாக்ட் பொருத்திய அந்தப் பண்பின் வழியே போகிறது. போகும்போது குறிப்பேட்டிலும் 36 என்று பதிவாகிவிடுகிறது. பிறகு நான் எழுப்பும் இன்புட் நிகழ்வு வந்து சேர்ந்ததும், ரியாக்ட் கட்டத்தைப் பார்க்கிறது: 36. குறிப்பேட்டைப் பார்க்கிறது: 36. இரண்டும் ஒன்றே என்பதால் எதுவும் மாறவில்லை என்று முடிவு செய்து நிகழ்வை விட்டுவிடுகிறது. உள்நிலை 1 ஆகவே இருக்கிறது.

இதை ஊகமாக விடாமல் கண்ணால் காண ஒரு வழி உண்டு. உலாவியில் கட்டளைகளை இட்டுப் பார்க்கும் டெவலப்பர் கன்சோலில் அந்தக் கட்டத்தைப் பிடித்து, ஹேஸ்ஓன்பிராப்பர்ட்டி மூலம் வேல்யூ என்பது அதற்கே சொந்தமான பண்பா என்று கேட்டேன். சாதாரணக் கட்டத்தில் ஃபால்ஸ் என்று வரும். அங்கே வேல்யூ என்பது எல்லா இன்புட் கட்டங்களுக்கும் பொதுவான புரோட்டோடைப் என்ற மூல வடிவில் இருப்பது. இந்தப் படிவத்தின் கட்டத்தில் ட்ரூ என்று வந்தது.

தீர்வும் அதிலிருந்தே கிடைத்தது. ரியாக்ட் பொருத்திய பண்பைத் தவிர்த்து, எச்டிஎம்எல்இன்புட்எலிமென்ட் புரோட்டோடைப்பில் இருக்கும் மூல வேல்யூவின் செட்டரை (மதிப்பை எழுதும் செயலை) எடுத்து, அதைக் கால் என்ற முறையால் நம் கட்டத்தின் மீது இயக்க வேண்டும். அப்போது கட்டத்தில் 36 எழுதப்படும். குறிப்பேட்டில் 1 அப்படியே நிற்கும். அதன்பின் பபிள்ஸ் உள்ள இன்புட் நிகழ்வை எழுப்பினால், ரியாக்ட் இரண்டையும் ஒப்பிட்டு வேறுபாட்டைக் கண்டு, ஆன்சேஞ்ச்சை இயக்கி, உள்நிலையை 36 ஆக்கும். பல வரி எழுதும் டெக்ஸ்ட்ஏரியா கட்டத்துக்கு அதற்குரிய புரோட்டோடைப்பின் செட்டரையே எடுக்க வேண்டும். இன்புட்டின் செட்டரை அதன் மீது இயக்கினால் உலாவி பிழை காட்டி நின்றுவிடும். முகவரிக் கட்டம் அந்த வகை என்பதைக் கவனிக்காமல் ஒருமுறை இதிலும் தடுக்கினேன்.

இடையே இன்னொரு வழியையும் முயன்றேன். ஒவ்வொரு எழுத்துக்கும் கீடவுன், கீஅப் நிகழ்வுகளை உருவாக்கி எழுப்பினால் உலாவியே தட்டிவிடும் என்று நம்பினேன். நிகழ்வுகள் எழுந்தன, கட்டத்தில் ஓர் எழுத்துகூட விழவில்லை. ஸ்கிரிப்ட் உருவாக்கும் நிகழ்வில் இஸ்டிரஸ்டட் என்ற பண்பு எப்போதும் ஃபால்ஸ் ஆகவே இருக்கும். அதை மாற்ற இயலாது. அத்தகைய நிகழ்வுக்கு உலாவி தன் இயல்பான செயலைச் செய்வதில்லை. விதிவிலக்காக நிற்பது கிளிக்: ஸ்கிரிப்ட் எழுப்பிய கிளிக்கும் செக்பாக்ஸைத் தேர்வு செய்யும், பொத்தானை இயக்கும். ரியாக்ட்டும் செக்பாக்ஸ், ரேடியோ இரண்டுக்கும் கிளிக்கையே கேட்பதால், "உடையும் பொருள்" என்ற செக்பாக்ஸுக்கு அந்த உறுப்பின் கிளிக் முறையை அழைத்ததே போதுமானதாக இருந்தது.

பின்கோடு

எண்ணிக்கைச் சிக்கல் தீர்ந்தபின் பின்கோடு முரண்டு பிடித்தது. ஆறு இலக்கத்தை இட்டு அந்தக் கட்டத்தை விட்டு வெளியேறினால்தான் படிவம் சர்வரைக் கேட்டு மாவட்டத்தை நிரப்பும், அதாவது ஆன்பிளர். நான் பிளர் நிகழ்வை எழுப்பியும் பயனில்லை, ஏனெனில் ரியாக்ட் 17 முதல் ஆன்பிளர் என்று எழுதப்பட்டதற்கு உள்ளே ஃபோகஸ்அவுட் நிகழ்வையே கேட்கிறது. ஃபோகஸ்அவுட் எழுப்பியதும் மாவட்டம் வந்தது. செயற்கை நிகழ்வுக்குப் பதிலாகக் கட்டத்தின் ஃபோகஸ், பிளர் முறைகளை அழைத்து உலாவியையே உண்மையான நிகழ்வுகளை எழுப்பச் செய்யலாம் என்றும் பார்த்தேன். அக்காவின் கணினியில் அது சரியாக ஓடியது. என் கணினியில் கன்சோலிலிருந்து இயக்கியபோது ஓடவில்லை. கர்சர் கன்சோலில் இருக்கும் வரை பக்கத்துக்கு ஃபோகஸ் இல்லை என்பதால் அந்த நிகழ்வுகள் எழவில்லை. இரண்டு கணினியில் இரண்டு விதமாக நடக்கும் ஒன்றை நம்பிச் சரக்கு அனுப்ப முடியாது என்பதால் ஃபோகஸ்அவுட்டையே வைத்துக்கொண்டேன்.

அதைவிடக் கவலை தந்தது காத்திருப்பு. முதலில் இரண்டு விநாடி என்று வைத்திருந்தேன். மழை நாள் ஒன்றில் இணைப்பு மந்தமானபோது, ஸ்கிரிப்ட் மாவட்டத்தைத் தானே எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட, பின்னால் தாமதமாக வந்த சர்வரின் பதில் அதை மாற்றி எழுதியது. அந்த முறை இரண்டும் ஒரே மாவட்டமாக இருந்ததால் தீங்கு நேரவில்லை. கட்டத்தின் மாற்றத்தைக் கவனிக்க மியூட்டேஷன்அப்சர்வர் உதவும் என்று எண்ணினேன். அது உறுப்புகள் சேர்வதையும் நீங்குவதையும் பண்புக்கூறுகள் மாறுவதையும் கவனிக்குமே ஒழிய, வேல்யூ மாறுவதை அறியாது. ஆகவே விநாடிக்குப் பத்துமுறை மாவட்டக் கட்டத்தைப் படித்துப் பார்த்து, மதிப்பு வந்தபிறகே அடுத்ததுக்குச் செல்லுமாறும், பதினைந்து விநாடிக்குள் வராவிட்டால் நின்று ஆளை அழைக்குமாறும் மாற்றினேன். மாவட்டத்தை ஸ்கிரிப்ட் எழுதுவதே இல்லை. தாளில் இருப்பதோடு ஒப்பிட மட்டும் செய்கிறது.

மற்றக் கட்டங்களில் சொல்வதற்கு அதிகம் இல்லை. நாள் கட்டம் டேட் வகை. அதில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் சிறுகோடு இட்டு எழுதினால்தான் ஏற்கும், நம் வழக்கப்படி நாளை முன்னால் இட்டால் பக்கத்தில் எவ்விதப் பிழையும் காட்டாமல் வெறுமையாகிவிடும். சரக்கு வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல், உண்மையான செலக்ட் உறுப்பாக இல்லாமல் டிவ் என்ற பொதுப் பெட்டிகளால் கட்டப்பட்டிருந்தது. கிளிக்குக்குத் திறக்காமல், மவுஸ் பொத்தான் அமுங்கியதுமே எழும் மவுஸ்டவுனுக்குத் திறந்தது.

தமிழில் எழுதிய குறிப்பு

இந்தப் பகுதியைக் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனெனில் தமிழில் படிவம் நிரப்பும் எவருக்கும் இது நேரும். வண்டி ஓட்டுநருக்கான குறிப்பை அக்கா தமிழில் எழுதுவார். அந்தக் கட்டத்துக்கு மேக்ஸ்லெங்த், அதாவது எழுத்து வரம்பு, 60. கையால் தட்டும்போது 60ஐத் தாண்டியதும் உலாவி எழுத்தை ஏற்க மறுக்கும். ஸ்கிரிப்ட் எழுதும்போது அந்த வரம்பு தடுக்காது, வரம்பு மீறியதைச் சரிபார்ப்பும் காட்டாது, ஏனெனில் பயனர் தட்டியதற்கு மட்டுமே அது பொருந்தும். நீண்ட குறிப்பொன்று அப்படியே சர்வருக்குப் போய், சீட்டில் பாதிச் சொல்லோடு அச்சாகி வந்தது.

எத்தனை எழுத்து என்பதும் நாம் எண்ணுவது போல் இல்லை. காரைக்குடி என்பதில் கா, ரை, க், கு, டி என ஐந்து எழுத்து. உலாவியின் கணக்கில் க, துணைக்கால், ர, ஐகாரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி, ட, இகரக் குறி என்று பத்து. 60 என்ற வரம்பு தமிழில் ஏறத்தாழ முப்பது முப்பத்தைந்து எழுத்துக்கே இடம் தருகிறது. இப்போது ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு முன் நீளத்தை உலாவியின் கணக்குப்படியே அளந்து, மிகுந்தால் வெட்டாமல் அக்காவிடம் காட்டிச் சுருக்கச் சொல்கிறது. எந்தச் சொல்லை விடலாம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, ஊர்ப்பெயர். கோனாபட்டுக்கு அனுப்பும் சரக்கு ஒன்றில், சேமித்த முகவரிப் பட்டியலில் தேடினால் கிடைக்கவில்லை. திரையில் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிந்தன. கோ என்பதை யூனிகோடில் ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றே சேர்த்தும் எழுதலாம். ககரத்தோடு ஏகாரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட தாளில் இரண்டாவது வடிவம் இருந்தது. நார்மலைஸ் முறையால் எல்லாச் சொல்லையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவுக்குக் கொண்டுவந்த பிறகு கோனாபட்டு கிடைத்தது.

ஆள் தமிழில் தட்டும்போது உள்ளீட்டு முறையைப் பொறுத்து கம்போசிஷன்ஸ்டார்ட், கம்போசிஷன்எண்ட் என்ற நிகழ்வுகளும் எழலாம். அவற்றை நடித்துக் காட்டத் தேவையில்லை. முழுச்சொல்லையும் எழுதிவிட்டு ஒரே இன்புட் நிகழ்வு எழுப்பினால் போதும். தொடக்கத்தை மட்டும் எழுப்பி முடிவை எழுப்பாமல் விட்டால், எழுத்துச் சேர்க்கை இன்னும் முடியவில்லை என்று எண்ணிச் பக்கங்களைக் கட்ட உதவும் சில ஃபிரேம்வொர்க்குகள் மதிப்பை ஏற்காமல் காத்துக்கொண்டிருக்கும்.

வெளியிலிருந்து இயக்கும் கருவிகள்

இவ்வளவு பாடுபடாமல் உலாவியைத் தானாக இயக்கும் செலினியம் அல்லது பிளேரைட் கொண்டு செய்திருக்கலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும், நியாயமான கேள்வி. 2004இல் தொடங்கிய செலினியத்தின் வழிவந்த வெப்டிரைவர் முறை 2018இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாகவே ஆகியிருக்கிறது. அவ்வகைக் கருவிகள் பக்கத்துக்குள் அமராமல் உலாவியை வெளியிலிருந்து இயக்குவதால், அவை தட்டும் எழுத்துக்கு எழும் நிகழ்வுகளில் இஸ்டிரஸ்டட் ட்ரூ ஆகவே இருக்கும். கீடவுன் முதல் கீஅப் வரை எல்லாம் முறையாக எழும். செட்டரைத் தேடி எடுக்க வேண்டிய தேவையே வராது. ஆள் இல்லாமல் நூற்றுக்கணக்கில் ஓட வேண்டிய வேலையாக இருந்தால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

இங்கே நிலைமை வேறு. அக்கா காலையில் ஓடிபி இட்டு உள்நுழைந்த அதே உலாவியில், மற்ற வேலைகளுக்கு நடுவே, ஒவ்வொரு பதிவையும் பார்த்து அனுப்புகிறார். தனியாக ஒரு உலாவியைத் திறந்து, அதில் மறுபடி உள்நுழைந்து, அது தானே ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு உதவியாக இராது. ஆகவே பக்கத்துக்குள் ஓடும் ஸ்கிரிப்டையே வைத்துக்கொண்டு, படிவத்தின் கட்டங்களைப் போல நானே கட்டிய ஒரு மாதிரிப் பக்கத்தில் அதைச் சோதிக்க மட்டும் பிளேரைட்டைப் பயன்படுத்துகிறேன். அந்த மாதிரிப் பக்கத்தில் பதிவுப் பொத்தானை எத்தனை முறையும் அழுத்தலாம்.

சரிபார்ப்பு

இப்போதைய ஸ்கிரிப்டில் நான் மிகுந்த அக்கறையோடு எழுதிய பகுதி நிரப்புவது அன்று, நிரப்பிய பின் செய்வது. எழுதியவுடனே கட்டத்தைப் படித்தால் நாம் எழுதியதுதான் வரும். அது எதையும் மெய்ப்பிப்பதில்லை. ஆகவே எல்லாக் கட்டங்களையும் நிரப்பியபின் குறிப்புக் கட்டத்தில் ஓர் இடைவெளியைச் சேர்த்து உடனே நீக்குகிறது. அது உள்நிலையை மாற்றுவதால் படிவம் முழுவதும் மறுபடி வரையப்படுகிறது. உள்நிலைக்குப் போய்ச் சேராத மதிப்பு எதுவாயினும் அந்தக் கணமே பழையதற்குத் திரும்பிவிடும். அதன் பிறகே பதினொரு கட்டங்களையும் படித்துத் தாளோடு ஒப்பிடுகிறது. முதல் நாள் அக்காவை ஏமாற்றிய அதே திரும்புதலை இங்கே சோதனையாக ஆக்கிக்கொண்டேன்.

அதற்கு மேலும் ஒரு சாட்சி உண்டு. படிவத்தின் அடியில் மொத்த எடை என்று ஓர் எண் தெரியும். அதைப் படிவம் தன் உள்நிலையிலிருந்து கணக்கிடுகிறது. ஸ்கிரிப்ட் தாளிலிருந்து தானே 36ஐ 28ஆல் பெருக்கி 1,008 என்று வைத்துக்கொண்டு, பக்கம் காட்டும் எண்ணோடு ஒப்பிடுகிறது. ஒத்தால் பொத்தானுக்கு அருகில் அந்த எடையைப் பெரிய எழுத்தில் காட்டுகிறது. ஒவ்வாவிட்டால் பொத்தானை மறைத்து, எந்தக் கட்டம் தவறியது என்று தமிழில் எழுதுகிறது. இரண்டாவது நிலையில் அழுத்த வழியே கிடையாது. இது மிகையான எச்சரிக்கை என்று உரிமையாளரின் மகன் கருதினார். கூலி கொடுத்த உரிமையாளர் அப்படிக் கருதவில்லை.

சில மாதங்கள் கழித்து லாரி நிறுவனம் படிவத்தைப் புதுப்பித்தது. கட்டங்களின் ஐடி (உள் அடையாளப் பெயர்) எல்லாம் மாறின. நான் ஐடியை நம்பாமல், கட்டத்தின் பெயராகத் திரையில் தெரியும் லேபிளைக் கொண்டு தேடுமாறு எழுதியிருந்ததால் பத்துக் கட்டங்கள் நிரம்பின. பெட்டி எண்ணிக்கை என்ற லேபிள் மட்டும் பொதிகளின் எண்ணிக்கை என்று மாறியிருந்தது. ஸ்கிரிப்ட் அங்கே நின்று, "பெட்டி எண்ணிக்கை என்ற கட்டத்தைக் காணவில்லை, பதிவு செய்ய வேண்டாம்" என்று காட்ட, அக்கா அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு அன்றைய பதிவுகளைக் கையால் முடித்தார். புதிய லேபிளைச் சேர்த்து, மாதிரிப் பக்கத்தில் சோதித்து, மறுநாள் காலை அவர் கணினியில் ஏற்றினேன். அன்று முதலில் போனது மதுரைக்கு 22 பெட்டி, 616 கிலோ.